எரன் செய்தது சரி என்று சொல்லும் தம்பிக்கு

ஃபுகுவோக்கா,
நவம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். அம்மா, ஆச்சி, நீ எல்லாரும் நலம்தானே. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். 'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமே தொடரில், தன் மக்களைக் காப்பாற்ற ராட்சத டைட்டன்களை ஏவி உலகத்தையே மிதித்து அழிக்கும் கதாநாயகன் எரன் செய்ததுதான் சரி, கடைசியில் அவனை அழவைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரே கத்தல். வாட்ஸ்அப்பில் பதில் போட ஆரம்பித்தால் அது சண்டையில்தான் போய் முடியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தத் தொடரின் கடைசிப் பாகத்தை இங்கே என்ஹெச்கே டிவியில் நவம்பர் 4, சனிக்கிழமை நள்ளிரவில் போட்டார்கள். 85 நிமிடம். எனக்கு அன்று ட்யூட்டி இல்லை, கூடத் தங்கியிருக்கும் வியட்நாம் பெண்ணும் நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்த்தோம். 2013இல் தொடங்கிய தொடர், நீ அப்போது அரை டிரவுசர் போட்டுக்கொண்டிருந்தாய். முடிந்த பிறகு இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை, அவள் எழுந்து போய் டீ போட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அதன் மூலமான காமிக்ஸை, அந்த மங்காவையும் படித்தவன், அதனால் உனக்குப் புரியும். 2021 ஏப்ரலில் 139ஆம் அத்தியாயத்தோடு மங்கா முடிந்தபோது எனக்கு ஒரே ஒரு இடம்தான் தொண்டையில் சிக்கியது. உலக மக்களில் 80 சதவீதம் பேரைக் கொன்ற எரனுக்கு, எங்களுக்காகக் கொலைகாரன் ஆனாயே என்று அவன் சின்ன வயது நண்பன் அர்மின் நன்றி சொல்கிறான். அர்மின் அப்படிச் சொல்லக்கூடியவனா? அனிமேயில் அந்தப் பேச்சை மங்காவை எழுதி வரைந்த இசயாமாவே திருத்தி எழுதியிருக்கிறார், கவனித்தாயா? நன்றி எல்லாம் கிடையாது. கடலுக்கு அப்பால் உலகம் இருக்கிறது என்று புத்தகத்தைக் காட்டி உனக்கு ஆசை மூட்டியவனே நான்தான், அதனால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, நரகத்துக்குப் போனாலும் சேர்ந்தே போவோம் என்கிறான். இரத்தம் தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு சங்கை எடுத்து எரன் கையில் கொடுக்கிறான் பார், அது எரன் காலடியிலேயேதான் கிடந்திருக்கிறது, எரன்தான் எப்போதும் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் நான் விசும்பி அழுதுவிட்டேன். இந்தத் திருத்தம் ஒன்றுக்காகவே மங்காவை விட அனிமே முடிவுதான் உயர்ந்தது என்பேன்.

கூடவே வளர்ந்து தன்னை நேசித்த மிகாசா, தான் செத்த பிறகும் பத்து வருஷமாவது தன்னை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எரன் மண்ணில் புரண்டு அழுவதை நீ கேவலம் என்கிறாய். எனக்கு அதுதான் உண்மையாகப் பட்டது. அவனுக்கு வயது 19தான். உலகத்தையே மிதித்து அழித்தவன் கடைசிவரை கம்பீரமாக நின்றிருந்தால், செய்ததும் கம்பீரமான காரியம் என்று ஆகிவிடும். அவனை அப்படி நிற்க விடவில்லை, அதுதான் நியாயம். மார்ச்சில் வந்த முதல் பகுதியை மறுபடி ஒரு தடவை பார். மலை விளிம்புக்குத் தள்ளப்பட்ட கூட்டம், ஒரு கைக்குழந்தையை மட்டும் தலைக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றிப் பின்னால் அனுப்புகிறது. தாங்கள் விழப்போவது தெரிந்தவர்கள், யார் பெற்ற பிள்ளையோ. அதைப் பார்த்த பிறகும் எரன் சரி என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

மூன்றாம் சீசன் முடிவில் எரன் கடற்கரையில் நின்று, அந்தக் கரையில் இருக்கும் எதிரிகளையெல்லாம் கொன்றுவிட்டால் நமக்கு விடுதலை கிடைக்குமா என்று கேட்டபோது நாம் இரண்டு பேரும் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கை தட்டினோம். இப்போது நான் கடலைத் தாண்டி இந்தக் கரையில் இருக்கிறேன்டா. முதியோர் இல்லத்தில் காலையில் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, டயப்பர் மாற்றி, அதுதான் என் பொழுது. 90 தாண்டிய ஒரு பாட்டி, பெயர் தினமும் மறந்துவிடும், ஊர் எது என்று தினமும் கேட்பார், ஆனால் மதியம் தன் தட்டில் வைக்கும் மிகான் ஆரஞ்சை மட்டும் சாப்பிடாமல் என் ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுவிடுவார். இவரைப் போன்றவர்கள் நிறைந்த கரை இது. இங்கே இருந்துகொண்டு நான் எரன் பக்கம் பேச முடியாது.

இன்னொன்று, போன வாரம் கூட வேலை பார்ப்பவர் காரில் ஹிதாவுக்குப் போய் வந்தேன். பக்கத்து ஒய்த்தா மாகாணத்தில் இருக்கிறது, இசயாமா பிறந்து வளர்ந்த ஒயாமா இப்போது அந்த நகரத்தோடு சேர்ந்தது. ஒயாமா அணைக்கட்டுக்குக் கீழே சின்ன வயது எரன், மிகாசா, அர்மின் மூன்று பேருக்கும் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், மூன்றும் அண்ணாந்து அணைச் சுவரையே பார்க்கின்றன. கதையில் டைட்டன்களைத் தடுக்க ஊரைச் சுற்றி நிற்கும் சுவர் 50 மீட்டர், இது 90க்கும் மேலே. போனில் ஆப்பைத் திறந்து காட்டினால் சுவருக்கு மேலே பெரிய டைட்டன் தலை எட்டிப் பார்க்கும், என் கூட வந்தவர் அதில் போட்டோ எடுத்துத் தள்ளினார். எனக்கு அதை விட நாலு பக்கமும் இருந்த மலைதான் பெரிதாகத் தெரிந்தது. நெல் போட இடம் போதாத பள்ளத்தாக்கு. 1961இல் அந்த ஊர்க்காரர்கள் பிளம்மும் கஷ்கொட்டையும் நட்டு ஹவாய்க்குப் போவோம் என்று ஒரு இயக்கமே நடத்தி, சொன்னபடி போயும் வந்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற தவிப்பு அந்த மண்ணிலேயே இருக்கிறது போல. ஆனால் அவர்கள் மரம் நட்டுத்தான் போனார்கள்.

அப்புறம் அந்த எண்ட் கிரெடிட்ஸ். மிகாசா கிழவியாகிச் சாகிறாள், நகரம் வானுயர வளர்கிறது, குண்டு விழுந்து எல்லாம் தரைமட்டமாகிறது. அப்படியானால் எரன் செய்தது வீண்தானே என்று கேட்டிருந்தாய். ஆமாம், நிரந்தர அமைதி அவனால் கிடைக்கவில்லை. ஆனால் அவன் தோழர்களுக்கு ஒரு ஆயுள் முழுக்க வாழக் கிடைத்தது. அவர்கள் படைத் தலைவர் லீவாய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அகதிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறாரே, அதற்கு மேல் அவருக்கு என்ன முடிவு வேண்டும்?

எரன் படையில் ஒளிந்திருந்த எதிரி நாட்டு வீரன் ரைனரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்தவன் அவன்தான், அவன் அம்மாவும் அவனும் கடைசியில் சேரும் இடம் உனக்கு எப்படி இருந்தது என்று எழுது. ஆச்சிக்கு ஒயாமா பிளம் ஊறுகாய் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன், உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும், அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் அவள் தொடக்கூடாது என்று சொல்லிவிடு. பணம் மாதக் கடைசியில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய்வேன், அப்போது அம்மா முன்னால் கத்தாதே.

அன்புடன்
அக்கா