சனிக்கிழமை கண்காட்சி: மொத்தக் கொள்வனவாளர் சந்திப்பு

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் சனி காலை 9 மணிக்கு, திருகோணமலை நகர மண்டபத்தில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சியில் தயிர், கருவாடு போன்ற உணவுப் பொருட்கள் செய்யும் எங்கள் குழுவுக்கு ஒரு மேசை கிடைத்திருக்கிறது. கொழும்பு, கண்டி மொத்தக் கொள்வனவாளர்களும் நிலாவெளிப் பக்க ஹோட்டல்காரரும் வருகிறார்கள்.

1. மாதிரிக்குச் சிறிய பைக்கற்றுகள் போதும். கிண்ணியா, மூதூர் தயிர்க்காரர் கட்டாயம் ஐஸ் பெட்டியுடன் வாருங்கள்.

2. லேபிளில் பெயர், சேர்மானம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி இருக்க வேண்டும். பேனையால் எழுதி ஒட்டியதைப் பெரிய கடைகள் எடுக்காது.

3. விலைதான் முக்கியம். சில்லறை விலையைச் சொல்லிவிட்டு அங்கே நின்று குறைக்காதீர்கள். 10 கிலோவுக்கு என்ன, 100 கிலோவுக்கு என்ன என்று பொதி, லொறிச் செலவும் சேர்த்து எழுதி வாருங்கள். மாதம் எவ்வளவு தருவீர்கள் என்றும் கேட்பார்கள். முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். மாரியில் கருவாடு காயாது, அதை மறைக்க வேண்டாம்.

4. காசு எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

5. வியாபாரப் பதிவுப் பிரதி இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள்.

வருபவர்கள் பெயர், ஊர், பொருள் மூன்றையும் புதன் இரவு 8 மணிக்குள் இங்கே போடுங்கள். வெறும் கட்டைவிரல் படம் போட்டால் கணக்கில் வராது, சரியா?