25 மீட்டரும் மைனஸ் 9 மீட்டரும்

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. நடக்க ஆரம்பித்துவிட்டார்களா?

பதில் எழுதத் தாமதமானதற்கு எங்கள் மொட்டைமாடிதான் காரணம். அங்கே ஆறு வயர்லெஸ் சென்சார் பெட்டிகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். ஒரு பெட்டி ஒலி எழுப்பும். மற்றவை அது வந்து சேர்ந்த நேரத்தைக் குறிக்கும். இடைப்பட்ட நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். ஆனால் எல்லாக் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஒரு மில்லி செகண்டு பிசகினாலே 35 சென்டிமீட்டர் தப்பாகும்.

ஒவ்வொரு கடிகாரத்தின் வேக வித்தியாசத்தையும் ராத்திரியே கணக்கிட்டுத் திருத்தியிருந்தேன். மறுநாள் பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு வைத்தேன். பதினொன்றுக்குப் பார்த்தால், 8 மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு பெட்டிகள் விநோதமாகச் சொல்கின்றன. ஓரத்துப் பெட்டி ஒலி எழுப்பினால் 25 மீட்டர். அதுவே கேட்டால் மைனஸ் 9! அனுப்பும் முன்பே ஒலி வந்து சேர்ந்ததாம்.

அந்தப் பெட்டி மேல் மட்டும் நல்ல வெயில். உள்ளே இருப்பது செகண்டுக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். 25 டிகிரியை ஒட்டித்தான் அது சரியாக ஓடும். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகிவிடும். 45 டிகிரியில் பத்து லட்சத்துக்குச் சுமார் 14 பங்கு பின்தங்கும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் 50 மில்லி செகண்டு, அதாவது ஏறக்குறைய 17 மீட்டர்!

அப்புறம்தான், செல்வம், அந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். கூட்டிப் பாதியாக்கினால் 8, அதுதான் தூரம். கழித்துப் பாதியாக்கினால் 17, அது கடிகாரப் பிழை. போகும்போது கூடுகிற பிழை வரும்போது குறைகிறது, தூரம் மட்டும் மாறாமல் நிற்கிறது. இணையக் கணினிகளின் நேரத்தை ஒன்றாக்க டேவிட் மில்ஸ் 1985இல் வகுத்த என்.டி.பி.யிலும் இதே கணக்குதான். பாடமாகப் படித்திருக்கிறேன். மாடியில், வெயிலில், என் நோட்டில் அது வந்து விழுந்தபோது கண் கலங்கிவிட்டது.

அடுத்து ரேடியோவையும் ஒலியையும் ஒரே சமயத்தில் அனுப்பிப் பார்க்கப் போகிறேன். மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்காக ஒன்று, இரண்டு என்று எண்ணுவோமே, அந்த முறைதான். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? பெட்டிகளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரவி