செவலை இன்னும் சிவப்பாகவே வருகிறது

வின்னிபெக்,
மாசி மாதம் 5

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

வணக்கம். அக்கா கைப்பட எழுதிய உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அப்பா வருந்தியதைப் படித்தபோது வெட்கமாகப் போய்விட்டது. அப்பாவுக்குப் போனில் பேசுவது சரியாகக் காதில் விழுவதில்லை என்பதும், கடிதம் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து அக்காவை இரண்டு மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்பார் என்பதும் தெரிந்திருந்தும் நான் இப்படி இருந்தது தவறுதான். மன்னித்துவிடுங்கள்.

இங்கே இன்று பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரி. நாம் மாட்டை முளையில் கட்டுவதுபோல இவர்கள் இரவில் காரை மின்கம்பியில் மாட்டி வைக்கிறார்கள். எஞ்சினுக்கு அந்தச் சூடு கிடைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் இப்போது அதே வீட்டின் கீழ்த்தளத்து அறைக்கு மாறிவிட்டேன். பாதி நிலத்துக்குள் இருப்பதால் காற்று அடிப்பதில்லை. சனி, ஞாயிறும் கிடங்கு வேலைக்குப் போவதால் பொழுதும் நன்றாகப் போகிறது.

அம்மாயி என் கனவைப் பற்றிக் கேட்டதாக அக்கா எழுதியிருந்தாள். கன்றோடு பசு கனவில் வந்தால் வீட்டுக்கு நல்லது என்றும், விடியற்காலைக் கனவு பலிக்கும் என்றும் அம்மாயி சொன்னாராம். அதைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

மேல் தளத்தில் இருக்கும் உக்ரைன் பாட்டியைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். அவர் இங்கேயே ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். உருளைக்கிழங்கை மசித்து மாவில் பொதிந்து, நம் கொழுக்கட்டைபோல வேகவைத்து எனக்கும் நான்கைந்து கொடுத்தனுப்புவார். அவருக்கு ஓயாமல் குதிரைகள் கனவில் வருமாம். அவற்றை நாற்பது வருடமாகப் பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதி, அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். எனக்கு மாடு வருகிறது என்று சொன்னதும் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கண் விழித்ததும் புரண்டு படுக்காமல், விளக்கைக்கூடப் போடாமல், முதலில் எந்த விலங்கு, அது என்ன செய்தது, உடம்புக்கு எப்படி இருந்தது என்று மட்டும் எழுது, மணியைக் குறித்துவை, ஒரு மாதம் முடியும்வரை பொருள் தேடாதே என்றார். கார்த்திகை பாதியிலிருந்து எழுதி வருகிறேன். இதுவரை 34 கனவுகள். அவற்றில் 21-இல் நம் மயிலைப் பசுவும் செவலைக் கன்றும் வந்திருக்கின்றன.

கனவு எப்போதும் ஒன்றுதான். நான் நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் மேற்குப் படலுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே வெள்வேல மரத்தடியில் மயிலை நிற்கிறது, செவலை மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது. நான் படலின் கயிற்றை அவிழ்க்கப் பார்க்கிறேன், கையில் குளிர் உறை இருப்பதால் முடிச்சு பிடிபடவே இல்லை. அப்பா தடியில்லாமல் வேகமாக நடந்து வந்து தாழியில் தண்ணீர் ஊற்றுகிறார். என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தோடு விழித்துவிடுகிறேன்.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டியபோது முதலில் மணிதான் கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லாமே காலை ஐந்து மணியை ஒட்டியவை. நூலகத்தில் இதைப் பற்றிப் படித்தேன். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் கண்கள் விரைவாக அசையும் நேரம் ஒன்று உண்டு என்றும், அப்போது எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொல்கிறார்கள் என்றும் கண்டுபிடித்தார்கள். விடியலை நெருங்க நெருங்க அந்த நேரம் நீளுமாம். வேலைக்குப் போக ஐந்து மணிக்கு அலாரம் வைப்பதால் நான் கனவின் நடுவிலேயே எழுந்துவிடுகிறேன் போலும். விடியற்காலைக் கனவை அம்மாயி தனியாகப் பிரித்துச் சொல்வது காரணமில்லாமல் இல்லை.

ஆனால் அம்மா, இங்கே காலை ஐந்து மணி என்றால் நம் வீட்டில் மாலை நாலரை. நீங்கள் செம்பைக் கழுவிக்கொண்டு பால் கறக்கக் கட்டுத்தரைக்குப் போகும் நேரம். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் நோட்டை மூடிவிட்டேன். பிறகு ஒரு வாரம் எழுதவே இல்லை.

இரண்டாவது விஷயம் உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. செவலை சினையாக இருக்கிறது என்று அக்கா எழுதியிருந்ததைப் படித்துத் திகைத்துப்போனேன். நம் காங்கேயம் கன்றுகள் சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும் என்பது எனக்குத் தெரியாததா? நான் புறப்பட்டபோது அதற்கு நான்கு மாதம். மூன்றரை வருடமாக அது என் கனவில் அந்த நான்கு மாதத்துச் சிவப்பிலேயே பால் குடித்துக்கொண்டிருக்கிறது. போனில் முகங்களைப் பார்க்கிறோம், கட்டுத்தரையை யாரும் காட்டுவதில்லை. அப்பாவும் கனவில் முழங்கால் வலி இல்லாமல்தான் நடக்கிறார். நான் விட்டுவந்த நாளிலேயே நம் வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கு நோட்டில் எழுதினேன். எழுதும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்குக் கட்டுத்தரை வாசம் வேண்டும்போல் இருக்கிறது அம்மா.

ஆகவே அப்பாவிடம் ஒரு வேண்டுகோள். சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குச் செவலையை ஓட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விற்க வேண்டாம். மழை இல்லாமல் புல் காய்ந்துவிட்டதால் சோளத்தட்டு விலைக்கு வாங்க வேண்டியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அந்தச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு அனுப்ப வேண்டியதையும் சேர்த்துப் பங்குனியில் ஒன்றாக அனுப்பிவிடுகிறேன்.

அப்பாவின் முழங்காலைத் தாராபுரத்து டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரியப்பாவோடு வரப்புத் தகராறு இன்னும் தீரவில்லை என்றால், சித்திரைக்குள் மாமாவை வைத்துப் பேசி முடித்துவிடுங்கள், நம் பக்கம் ஒரு முழம் போனாலும் பரவாயில்லை. தங்கைக்கு மூலனூர்ப் பக்கம் வந்த வரனைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் அவளையே எழுதச் சொல்லுங்கள்.

செவலை ஈன்றதும் கிடாரியா காளையா என்று உடனே ஒரு வரி எழுதுங்கள். மேற்குப் படலின் கயிறு நான் கிளம்பும்போதே இற்றுப்போயிருந்தது. அதை மாற்றினீர்களா?

உங்கள் அன்பு மகன்