குழந்தைக்கு எல்லாம் ஆயிற்று, உனக்கு?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களை அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தொட்டில், குட்டிச் சட்டைகள், மடிப்புக் கலையாத துண்டுகள். அடுக்கி வைப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த அலமாரியில் உனக்கென்று ஒரு பொருளும் என் கண்ணில் படவில்லை. போனில் கேட்டால் "பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நாப்கின். பிரசவத்துக்குப் பிறகு உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். முதல் சில நாட்களுக்குச் சாதாரண நாப்கின் தாங்காது. பிரசவத்துக்கென்றே விற்கும் பெரியதாக, நீளமானதாக வாங்கு. சிசேரியன் ஆனாலும் உதிரம் போகத்தான் செய்யும். உள்ளே வைக்கும் டாம்பன், மாதவிடாய்க் கப் இரண்டும் அந்த ஆறு வாரமும் கூடாது, கிருமி தொற்றும். உள்ளாடை பருத்தியில், வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக, இடுப்புக்கு மேல் ஏறும்படி இருக்கட்டும். ஒருவேளை வயிற்றில் தையல் போட்டால் பட்டை அதன்மேல் உரசக் கூடாது.

பிதுக்கினால் நீர் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை முன்னிருந்து பின்னாக விட்டுக்கொண்டால் எரிச்சல் நன்றாகக் குறையும். பிறகு தேய்க்காதே, ஒற்றி எடு.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் மலச்சிக்கல். முதல் தடவை உட்காரவே பயமாக இருக்கும், கீழே பிறப்புறுப்பருகில் தையல் போட்டிருந்தால் அது பிரிந்துவிடுமோ என்று தோன்றும். அப்படிப் பிரிவது மிக அரிது. சுத்தமான நாப்கின் ஒன்றை மடித்துத் தையலின்மேல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள், தைரியம் வரும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும் என்பதால், இளக்கும் மருந்து எது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவை. வலி மாத்திரையையும் கேள். கேட்பாயா? பன்னிரண்டாம் வகுப்பில் காய்ச்சலோடு தேர்வெழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தபிறகு சொன்னவள் நீ. அப்பாவுக்கு அது இன்றும் பெருமை. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும், மார்பு கல்லாகும். ஒழுகும் பாலுக்கு உள்ளே வைக்கும் பஞ்சுத் திண்டும், காம்பு புண்ணானால் தடவ லனோலின் களிம்பும் வாங்கு. உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர் பாட்டிலும் வேண்டும்; குழந்தை மடியில் இருக்கும்போது மூடியைத் திருக உனக்கு இன்னொரு கை இருக்காது. எல்லாவற்றிலும் ஒரு பங்கு கழிவறையில், ஒரு பங்கு படுக்கையருகில். பச்சை உடம்போடு நாப்கினைத் தேடி அலையாதே.

மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் விடுப்பு என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் இருவர் விஷயம். இரவில் ஒரு முறையாவது குழந்தையை வேறு யாராவது தூக்கிக்கொண்டு, நீ சில மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வேண்டும். அவரைக் குறை சொல்வதாக நினைக்காதே.

சித்தியைப் பற்றி எழுதுவதில்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அந்த வருடம் நீயும் விவரம் தெரிந்த பிள்ளைதான். முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் அப்படிச் செய்யும். இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மற்ற நோய்களைப் போல அதற்கும் மருத்துவம் இருக்கிறது. அவளும் "ஒன்றுமில்லை அக்கா, ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். போகட்டும். நாப்கின் நீளமானதாக வாங்கு, சொன்னேன் அல்லவா.

ஒரு தாளில் இவற்றை எழுதி, டாக்டர் எண்ணோடு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைவது, கோழிமுட்டை அளவு இரத்தக்கட்டி விழுவது, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, மூச்சுத் திணறுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. இரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின்பும் ஆறு வாரம் வரை ஏறக்கூடும். தாளை மாப்பிள்ளையும் படிக்கட்டும், ஏனென்றால் நீ சொல்லமாட்டாய். கடைசி வரியாக, "இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை" என்றும் சேர்த்துக்கொள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் இரண்டு வாரம் என்ன, இரண்டு நிமிடம்கூடப் பொறுக்கக் கூடாது. இதை அவரே உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும்.

36-வது வாரத்துக்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும். சிலருக்கு முன்னதாகவே வலி எடுத்துவிடும்.

நான் வரட்டுமா என்று கேட்கவில்லை. அப்பாதான் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டே இருக்கிறார், எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார். வேண்டுமா வேண்டாமா என்று அவருக்காவது ஒரு பதில் சொல்.

அம்மா