நகரும் விளக்கை நிறுத்திப் பார்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் நடனப் பள்ளிக்குச் சொந்தமாக 6 மூவிங் ஹெட் விளக்குகள் (தலை தானாகத் திரும்பும் மேடை விளக்குகள்) வாங்க நினைப்பதாகவும், ஆறையுமே 230 வாட் பீம் விளக்குகளாக எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரர் வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தாய். இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. இங்கே நாங்கள் நலம். முழங்கால் வலிக்காக ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கீழே நின்றுகொண்டு சின்னப் பையன்களை ஏறச் சொல்லி அதட்டுவதே இப்போது என் வேலையாக இருக்கிறது.

பீம் விளக்கின் ஒளி ஏறக்குறைய 4 பாகைக்குள் அடங்கிவிடும். நீ குறிப்பிட்ட செம்பூர் மண்டபத்தில் விளக்கிலிருந்து ஆடுகிறவருக்கு 6 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள். தரையில் விழும் வட்டத்தின் அகலம் 42 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம்கூட இல்லை. அந்த வட்டத்துக்குள் எந்தப் பெண் அரைமண்டி போட முடியும்? திறந்தவெளிக் கச்சேரிகளில் வானத்தைக் கிழித்துக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்ட விளக்கு அது. புகை போட்டால்தான் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். புகை போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவரின் தொண்டை என்னாகும், மண்டபத்தின் அபாய மணி அலறாதா என்பதையெல்லாம் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். போதாக்குறைக்கு, வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும் அந்த வகை டிஸ்சார்ஜ் விளக்கு ஒருமுறை அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். நடுவில் கரண்ட் போய் வந்தால் பதம் என்ற அபிநயப் பாடலின் பாதிவரை இருட்டில்தான் ஆட வேண்டும்.

உனக்கு வேண்டியவை 2 ஸ்பாட், 4 வாஷ், இரண்டுமே எல்.இ.டி. ஸ்பாட்டில் கூர்மையான வட்டமும், கோபோ என்ற வெட்டுத் தகட்டால் விழும் இலை நிழல், ஜன்னல் கம்பி போன்ற வடிவங்களும் கிடைக்கும். வாஷ் மேடைக்கு மெழுகியதுபோல் ஒளி பூசும். 10 பாகையிலிருந்து 40 பாகைவரை விரியும் ஜூம் இருந்தால், அதே 6 மீட்டரில் ஒரு மீட்டர் வட்டத்திலிருந்து நான்கு மீட்டருக்கும் அதிகமான வட்டம்வரை ஒரே விளக்கில் எடுக்கலாம். முகத்துக்கு மட்டும் முன்பக்கத்துப் பழைய ஹாலஜன் விளக்குகளை விட்டுவிடாதே. அந்த 3200 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு) மஞ்சளில் மஞ்சள் பூசிய முகம்போல் ஒரு களை வரும்.

ஆனால் வகையைத் தீர்மானிப்பது சுலபம். கடையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது என்பதுதான் கடினம். விற்கிறவர் விளக்கைச் சுழற்றிக் காட்டி நம் கண்ணைக் கட்டிவிடுவார். 1981இல் ஜெனிசிஸ் என்ற ராக் குழு பார்சிலோனாவில் முதன்முதலாக வாரி-லைட் என்ற நகரும் விளக்குகளோடு மேடையேறியபோது உலகமே வியந்ததாம். அதைச் செய்தவர்கள் முதலில் முனைந்தது நிறம் மாறும் விளக்குக்குத்தான். இன்னும் இரண்டு மோட்டார் சேர்த்தால் விளக்கே நகரும் என்ற யோசனை பிறகுதான் வந்தது. ராக் கச்சேரியின் முழக்கத்தில் விளக்குக்குள் சுற்றும் விசிறியின் சத்தம் யாருக்குக் கேட்கும்? நம் மேடையில் தம்புராவே அடக்கி வாசிக்கிறது. அதனால் நகரும் விளக்கை நான் நிறுத்தி வைத்துத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு வாடகைக் கிடங்குக்குப் போனபோது, மனைவியின் அரக்கு நிறக் காஞ்சிபுரம் புடவையை ஒரு பையில் கொண்டுபோனேன். வேலைக்கார இளைஞர்கள் சிரித்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்ற நான்கு நிற எல்.இ.டி. மட்டும் உள்ள ஒரு வாஷின் கீழே விரித்ததும் அந்த அரக்கு செத்துப்போய்த் தவிட்டு நிறத்துக்கு வந்தது, ஜரிகையில் லேசாகப் பச்சை ஓடியது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே அந்த விளக்கில் ஒளி குறைவு. தங்கமும் தோலும் மின்னுவதற்குத் தேவையான மஞ்சள் அங்கேதான் இருக்கிறது. ஆம்பர் என்ற தேன்மஞ்சள் நிறமும் சேர்ந்த இன்னொரு விளக்கின் கீழே அதே புடவை கல்யாண நாளில் பார்த்ததுபோல் எழுந்து நின்றது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நிறத் துல்லியத்துக்கான சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் என்று அச்சடித்திருந்தாலும் புடவையைக் கேட்காமல் வாங்காதே.

அடுத்து கைப்பேசியில் சுருதியை மெல்ல வைத்து, முழு வெளிச்சத்தில் கால் மணி நேரம் எரியவிட்டேன். சூடேறியதும் விசிறி வேகம் பிடித்து, பஞ்சமம் காணாமல் போனது. பிறகு பத்து வினாடியில் ஒளியை மெதுவாக இறக்கச் சொன்னேன். மலிவான விளக்கு கடைசியில் படியிலிருந்து தடுக்கி விழுந்ததுபோல் சட்டென்று அணைந்தது. ஒளி குறைந்த அந்த நிலையில் கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். பெற்றோர் எல்லோரும் படம் பிடிப்பார்கள், பழி உன் மகளுக்குத்தான் வரும்.

நகர்வைப் பற்றி ஒன்றே ஒன்று. பக்கவாட்டில் 540 பாகை திரும்பும் விளக்கை ஒரே ஒரு டி.எம்.எக்ஸ். (விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை) சேனலில் இயக்கினால் கிடைப்பது 256 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் 2 பாகைக்குச் சற்று மேல், 6 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண். நாயகி மெல்ல நடக்க, வட்டம் சாண் சாணாகத் தத்தித் தத்திப் பின்னால் வருவதைக் கற்பனை செய்து பார். இரண்டு சேனல் சேர்த்த 16 பிட் இயக்கம் இருந்தால் நிலைகள் 65,536 ஆகிவிடும். விளக்குக்கு 16 சேனல் போனாலும் ஆறுக்கும் சேர்த்து 96தான். ஒரு யுனிவர்ஸில், அதாவது ஒரு டி.எம்.எக்ஸ். இணைப்பில், 512 இருக்கிறது, ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். விளக்குகளை இயக்கும் கன்சோலுக்கும் இப்போதைக்குச் செலவழிக்காதே; மடிக்கணினியில் கியூ.எல்.சி. பிளஸ் என்ற இலவச மென்பொருளும் ஒரு யு.எஸ்.பி. இணைப்பானும் போதும்.

மிச்சமாகும் பணத்தைக் கேபிளில் போடு. சென்ற ஆண்டு நான் வாடகைக்கு எடுத்த இடத்தில் டி.எம்.எக்ஸ். கேபிளுக்குப் பதிலாக மைக் கேபிளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசி விளக்கில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரும் இல்லை. யசோதை குழந்தையைத் தூங்கவைக்கும் கட்டத்தில் ஒரு விளக்கு தானாகத் தலையைத் திருப்பி, முதல் வரிசையில் இருந்த பெரியவர்களின் முகத்தில் போய் நின்றது. குழந்தை தூங்கவில்லை, சபைதான் விழித்துக்கொண்டது. கல்லூரி நாளில் மண் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி நாம் செய்த, ஒளியைக் குறைக்கும் டிம்மர்கூட இப்படி மானத்தை வாங்கியதில்லை.

ஒவ்வொரு விளக்குக்கும் இரும்புச் சங்கிலி தனியாகக் கட்டுவதை நீயே கண்ணால் பார். கீழே ஆடுவது குழந்தைகள். முதலில் ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கே எடுத்துப் பார்ப்பது நல்லது. மேடையில் விளக்குத் தொங்கும் கம்பி தரையிலிருந்து எத்தனை அடி, 15 ஆம்பியர் பிளக் எத்தனை என்று அளந்து எழுது, மாடல்களைப் பற்றி அப்புறம் பேசலாம். கிடங்குக்குப் போகும்போது உன் வீட்டில் கேட்டு ஒரு பட்டுப்புடவை கொண்டு போ. அரக்காக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய லைட்காரன்