மிளகின் வயிற்றைத் தொட்டுப் பார்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கால்வலி தேவலையா? இங்கே அப்பா நலம். மற்றதெல்லாம் நேரில். உன் முள்ளெலிகளில் குண்டு செத்துப்போனதைப் பற்றியும், அதைவிட அவசரமாக மிச்சமிருக்கிற மிளகைப் பற்றியும் இப்போது எழுதியாக வேண்டும்.

குண்டைப் பற்றி, "ராத்திரி தூங்கினது எழுந்திருக்கவே இல்லை" என்கிறாய். அது தூக்கமாக இருந்திருக்காது, அநேகமாகக் குளிர் மயக்கமாகத்தான் இருந்திருக்கும். ஐரோப்பிய முள்ளெலி குளிர்காலம் முழுக்க உறங்கும், அதற்கென்றே முன்கூட்டித் தின்று கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும். நீ வளர்ப்பது ஆப்பிரிக்கப் புல்வெளி இனம். குளிர் பட்டதும் இதன் உடம்பும் உறக்கத்துக்கு இறங்கப் பார்க்கும், ஆனால் தாங்குவதற்குக் கையிருப்பு கிடையாது. மூச்சும் நாடித்துடிப்பும் குறைந்துகொண்டே போகும், எதிர்ப்புச் சக்தி விழும். அப்படியே விட்டால் பிழைக்காது.

சேலத்தில் இருந்தவரை இந்தப் பேச்சே வந்திருக்காது. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். மார்கழி ராத்திரியில் 15 டிகிரிக்கும் கீழே போகிற ஊர், அதிலும் நீ இருப்பது கல் கட்டடம். மிளகுக்கு வேண்டியதோ 24 முதல் 27 டிகிரி. 20க்குக் கீழே போனால் ஆபத்து, திடீரென்று நாலைந்து டிகிரி இறங்கினாலும் ஆபத்து.

தினமும் சாயங்காலம் மிளகின் வயிற்றில் விரல் வைத்துப் பார். நல்லபடியாக இருக்கும் முள்ளெலிக்கு வயிறு உன் உள்ளங்கைபோல வெதுவெதுப்பாக இருக்கும், தொட்டதும் முள்ளைச் சிலிர்த்துப் புஸ்ஸென்று சீறும். வயிறும் பாதமும் ஜில்லென்றிருந்து, சீறாமல், அரைகுறையாகச் சுருண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. சில நேரம் நடக்கும், ஆனால் குடித்தவன் மாதிரித் தள்ளாடும், தட்டை விட்டு ஒதுங்கும். முள்ளெலிகளுக்குத் தள்ளாட்ட நோய் ஒன்று தனியாக உண்டு. சூடு ஏறியதும் நடை சரியானால் அது குளிரால் வந்தது. சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

ஜில்லென்றிருந்தால் முதலில் உன் சட்டைக்குள், வயிற்றோடு வை. முள் குத்தும், மெல்லிய துண்டு ஒன்றை இடையில் போட்டுக்கொள். மேலே கம்பளியால் இருவரையும் போர்த்து. வெந்நீர்ப் பை வைப்பதாக இருந்தால், கையில் சுகமாகப் பிடிக்கிற சூட்டில், இரண்டு மடிப்புத் துணி சுற்றி, ஒரு பக்கத்தில் மட்டும் வை. வெந்நீரில் முக்காதே. வெளியே எடுத்ததும் ஈரமே அதை இன்னும் குளிர்விக்கும். அடுப்புப் பக்கமும் ஹேர் டிரையரும் வேண்டாம், வேகமாகச் சூடேற்றினால் தோல் வெந்துவிடும். முழுசாக விழிக்கும்வரை வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அம்மா பாலாடையோடு வந்தால் பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடு. நடுங்கத் தொடங்கினால் நல்ல அடையாளம். ஒரு மணி நேரமாகியும் அசைவில்லை என்றால் போர்வையோடு காரில் ஏற்று, இருபது கொண்டை ஊசி வளைவும் சூட்டைக் காத்தபடியே இறங்கு. கிளம்பும் முன் சேலத்து டாக்டரிடம் போனில் சொல்லிவிடு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்.

விழித்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைக்காதே. ஒருமுறை மயங்கியது அடுத்த சில நாளில் மறுபடி மயங்கலாம், சளியும் பிடிக்கலாம். அந்த நாட்களில் கூண்டு 26, 27லேயே இருக்கட்டும்.

கூண்டைச் சூடாக வைக்க பல்பு வேண்டாம். ராத்திரி வெளிச்சம் இருந்தால் மிளகு வெளியே வராது. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, சூட்டை ஒரே அளவில் வைக்கிற தெர்மோஸ்டாட்டோடு, கூண்டுக்கு மேலே வெளிப்பக்கமாக மாட்டு. ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். தெர்மாமீட்டர் சுவரில் வேண்டாம், மிளகு படுக்கிற மட்டத்தில், கூண்டுக்குள் இருக்கட்டும். கூண்டைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வை, ஜன்னலோரம் ஆகாது. பகலில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிச்சம் வேண்டும். மூட்டம் நாளெல்லாம் கவிந்திருக்கிற உன் ஊரில் டியூப்லைட்டைப் போட்டே வை, பொழுது குறைந்தாலும் உறக்கத்துக்கு இறங்கப் பார்க்கும். கரண்ட் போனால் வெந்நீர்ப் பையும் கம்பளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இனி குண்டு. அன்றைக்கு விறைத்து மறுநாள் தளர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். குளிர் மயக்கத்தில் தொடங்கியிருந்தாலும் அது சாவில்தான் முடிந்தது சேகர், வெறும் மயக்கமில்லை. உயிரோடு புதைத்துவிட்டோமோ என்ற பயத்தை இன்றோடு விடு. பகலெல்லாம் சுருண்டு கிடக்கிற பிராணியிடம் தூக்கம் எது, குளிர் மயக்கம் எது என்று யாரும் சொல்லித் தராமல் கண்டுபிடிப்பது கடினம். "ஒரு எலிக்காகவா அழுவாங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. மடியில் வைத்து வளர்த்தவனுக்குத்தான் அந்த இழப்பு தெரியும். அழுகை வந்தால் அழு.

பாப்பாவிடம் மட்டும் குண்டு தூங்கிவிட்டது என்று சொல்லாதே. மிளகு தூங்கும்போதெல்லாம் அவளுக்குத் திக்கென்றிருக்கும், தானே படுக்கவும் பயப்படுவாள். உடம்பு ரொம்பக் குளிர்ந்ததால் செத்துப்போயிற்று, இனி வராது என்றே சொல். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற வேலையை அவளிடமே கொடு, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்.

மிளகுக்குத் துணை வேண்டும் என்று இன்னொன்றை வாங்கிவிடாதே. முள்ளெலி தனித்தே வாழும் பிராணி, குண்டு இல்லாததற்கு அது ஏங்காது. குண்டு ஓடி விளையாடின சக்கரத்தையும் அதன் தட்டையும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி வெயிலில் காயவை. சாவுக்குக் குளிர்தான் காரணமா, நோயா என்று உறுதி இல்லாததால் மிளகுக்கு இப்போதைக்கு அவற்றைக் கொடுக்காதே. புதைத்த குழி இரண்டடி ஆழமாவது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மண் ஏற்றி மேலே கல் வை, எஸ்டேட் நாய்கள் கிளறும்.

ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன், ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள். அதுவரை மிளகை உங்கள் படுக்கையறையில் வை. சமையல் தராசில் நிறுத்து எடையையும் எழுது.

அன்புடன்,
ராஜா
அஸ்தம்பட்டி, சேலம்