கணினியில் தேதி தவறினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோட்டில் பல ஆண்டுகளாக ஜெராக்ஸ் மற்றும் தட்டச்சு மையம் நடத்தி வருகிறேன். கணினியின் கடிகாரம் தவறாகக் காட்டுவதைச் சிறு குறை என்று விட்டுவிடுவதால் எங்கள் பகுதி மாணவர்கள் படும் அவதியை நேரில் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று மாலை நான்கு மணிக்கு, மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து ஒரு கல்லூரி மாணவியும் அவருடைய தந்தையும் வீட்டுக் கணினியைச் சாக்கில் சுற்றி, பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றார்கள். இதே குறைக்காக ஒரு கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்து, அதாவது உள்ளிருப்பதை அழித்துப் புதிதாக நிறுவி, முறைக்கு 600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு மாதம் உட்கார்ந்து தட்டச்சு செய்த திட்ட அறிக்கை முதல் முறையிலேயே அழிந்துவிட்டது. நான் இயக்கிப் பார்த்தபோது திரையின் வலது மூலையில் 2011 ஜனவரி 1 என்று இருந்தது. விண்ணப்பத்தை என் கணினியில் அனுப்பி முடித்த பிறகு, அவர்களுடையதைத் திறந்து 40 ரூபாய் பேட்டரி ஒன்றை மாற்றினேன்; குறை தீர்ந்தது. அழிந்த அறிக்கையைத்தான் மீட்டுத்தர முடியவில்லை.

பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று குறிக்கப்பட்ட சான்றிதழ் உண்டு. கணினி தன்னை 2011-இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால், இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கருதித் தளத்தைத் தடுத்துவிடும். கடையில் தேதியைத் திருத்தியதும் இணையம் வந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தேதி மீண்டும் பின்னால் போயிருக்கும்.

கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் பதிந்திருக்கும் அந்த பேட்டரியைக் கடைக்காரர்கள் சிமாஸ் பேட்டரி என்பார்கள். பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம்தான், தடிமன் 3.2 மில்லிமீட்டர். நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து கடிகாரத்துக்கு நேரக் கணக்கு தரும் ஒரு சிறு படிகத்தை, மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஓட வைப்பது இதன் வேலை. இடி மின்னலுக்குப் பயந்து சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்நேரம் முழுவதும் கடிகாரத்தை இந்த பேட்டரி மட்டுமே தாங்குவதால் அது விரைவில் தீர்ந்துபோகும்.

மாற்றுவது கடினமன்று. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, கணினியின் வெற்று உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, பேட்டரியைப் பிடித்திருக்கும் கொக்கியை மெல்ல விலக்கினால் அது தானாக மேலெழும்பும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைக்க வேண்டும். பிறகு இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று தேதி, நேரத்தைத் திருத்திச் சேமிக்க வேண்டும். மடிக்கணினியில் அது பெரும்பாலும் கம்பியோடு இணைந்து உள்ளே இருப்பதால், பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கையில் படாமல் டேப் ஒட்டி அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும்.

எல்லாத் தவறுக்கும் பேட்டரி காரணமன்று. தேதி ஏறக்குறைய சரியாக இருந்து, நேரம் மட்டும் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கினால், அமெரிக்க மேற்குக் கடற்கரையின் நேர மண்டலம் தேர்வாகியிருக்கிறது என்று பொருள். அமைப்புகளில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்றிருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களும் சேர்ந்திருக்கும் கணினியில் விண்டோஸ் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால், லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் எழுதிவைத்ததை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. அதற்கு லினக்ஸில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும்.

எங்கள் மாவட்டப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்கள் கோடை விடுமுறை முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. ஜூன் மாதம் திறக்கும்போது ஒவ்வொரு கணினியின் தேதியையும் பார்த்து, பின்தங்கியவற்றுக்கு பேட்டரி மாற்றக் கல்வித்துறை அறிவுறுத்த வேண்டும். பழுதுபார்க்கும் நண்பர்களும், ஃபார்மட் செய்யும் முன் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு, கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சு மையம் நடத்தும் வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.